தொந்தரவு எதுவும் இல்லை. ஸ்வாப் பரிசோதனை வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 27. முதல் கர்ப்பம், இப்போது 16-ஆவது வாரம். இரண்டாம் மாதத்திலிருந்தே வெள்ளைப்படுதல் அதிகமாக இருக்கிறது. அரிப்போ, எரிச்சலோ, துர்நாற்றமோ இல்லை. வேறு மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளும் என் சிநேகிதிக்கு நான்காம் மாதத்திலேயே பிறப்புறுப்பில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் மாதிரி) எடுத்து, தொற்று இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கும் எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. என் மருத்துவரோ, "தொந்தரவு இல்லையென்றால் அந்த டெஸ்ட் தேவையில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சென்ற ஆண்டு என் அக்காவுக்கு 34-ஆவது வாரத்தில் குறைப்பிரசவம் ஆனதால் எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியில் தனியாக இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாமா? வீட்டிலேயே பார்க்கும் பிஹெச் பட்டைகளும், உள்ளே கழுவும் திரவங்களும் உதவுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மருத்துவர் சொன்னது சரியான ஆலோசனைதான். ஆனால் அது ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய விஷயம் அல்ல. பரிசோதனை செய்யாமல் விடுவதும் ஒரு மருத்துவ முடிவு என்பதையும், அதற்குப் பின்னால் பல ஆண்டு ஆய்வுகள் இருக்கின்றன என்பதையும் யாரும் எடுத்துச் சொல்லாதபோது, அது அலட்சியமாகத்தான் தோன்றும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வெள்ளைப்படுதலைப் பற்றி. கருவுற்றவுடன் ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் இடுப்புப் பகுதிக்கான ரத்த ஓட்டமும் கூடுகின்றன; கர்ப்பப்பை வாயின் சுரப்பிகள் முன்பைவிட அதிகமாகச் சுரக்கின்றன. பிறப்புறுப்பின் உட்சுவரில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் கூடுதலாகச் சேர்வதால், அங்கே இயல்பாகவே குடியிருக்கும் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்களுக்கு அது வசதியாகிறது. அவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, அந்த இடத்தின் பிஹெச் அளவை (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறத்தாழ 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் வைத்திருக்கின்றன. மற்றக் கிருமிகள் பெருகாமல் இருப்பதற்கு இந்த அமிலத்தன்மை ஒரு முக்கியக் காரணம். வெள்ளையாகவோ பால் நிறத்திலோ, நாற்றமில்லாமல், அரிப்பில்லாமல், மாதம் ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும் கசிவு கர்ப்பத்தின் இயல்பே தவிர நோயின் அறிகுறி அல்ல. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதோடு பொருந்துகிறது.

அடுத்ததாக, அறிகுறி இருப்பவருக்குச் செய்யும் பரிசோதனையும், எந்த அறிகுறியும் இல்லாத எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யும் பரிசோதனையும் வெவ்வேறானவை. ஸ்வாப்பும் ஆய்வுக்கூடமும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் நோக்கம் வேறு. கர்ப்பிணி ஒருவர் அரிப்பு, மீன் வாடை, பச்சை அல்லது மஞ்சள் நிறக் கசிவு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று வந்தால், பரிசோதிக்காமல் அனுப்புவதுதான் தவறு. அவருக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டாயம் வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்குப் பரிசோதனை செய்வதானால், அதன் முடிவைக் கொண்டு நாம் செய்யப்போகும் சிகிச்சை அவருக்கோ குழந்தைக்கோ நன்மை தரும் என்பது முன்பே நிரூபணமாகியிருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பிறப்புறுப்புத் தொற்றுகளுக்கான வழக்கப் பரிசோதனை தடுமாறுகிறது.

உங்கள் சிநேகிதிக்குச் சொன்ன "தொற்று" எது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் அது பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பதாக இருக்கும். கறாராகச் சொன்னால், வெளியிலிருந்து புகுந்த ஒரு கிருமியால் வரும் தொற்று அல்ல இது. லாக்டோபேசிலஸ் குறைந்துபோய், கார்ட்னரெல்லா போன்ற, ஏற்கெனவே சிறு அளவில் இருந்த பாக்டீரியாக்கள் மிதமிஞ்சிப் பெருகும் சமநிலைக் குலைவு. இது உள்ள பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை.

இதைக் கண்டறியும் முறை இது: ஸ்பெகுலம் என்ற, பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவியை வைத்துப் பார்க்கும்போது மெல்லிய, சாம்பல் கலந்த வெண்மையான கசிவு சுவர் முழுவதும் பூசினாற்போல ஒட்டியிருக்கும், பிஹெச் 4.5-ஐத் தாண்டியிருக்கும், கசிவின் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விட்டால் மீன் வாடை சட்டென்று எழும், நுண்ணோக்கியில் பார்த்தால், தெளிவான விளிம்போடு இருக்க வேண்டிய உட்சுவர் செல்கள், பாக்டீரியாக்கள் மொய்த்திருப்பதால் விளிம்பு தெரியாமல் மணல் தூவியதுபோல் காணப்படும். 1983-இல் ஆம்சல் குழுவினர் வகுத்த இந்த நான்கில் மூன்று இருந்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று கொள்கிறோம். ஆய்வுக்கூடத்தில் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் நியூஜென்ட் முறையும் உண்டு. அதில் 7-உம் அதற்கு மேலும் வந்தால் இந்தக் குலைவு இருப்பதாகப் பொருள். 4 முதல் 6 வரை வந்தால் இடைநிலை. இந்த இடைநிலை என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து மருந்து கேட்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதற்குச் சிகிச்சை தேவையில்லை.

பாக்டீரியல் வஜைனோசிஸ் உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ ஆபத்து, இல்லாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதை மறைக்க வேண்டியதில்லை. உங்கள் சிநேகிதியின் மருத்துவர் இதை எண்ணித்தான் பரிசோதனை செய்திருப்பார். அந்த எண்ணம் ஒரு காலத்தில் எங்களில் பலருக்கும் இருந்தது. ஒரு குலைவு ஆபத்தைக் கூட்டுகிறது, அதைப் போக்க மருந்தும் இருக்கிறது. எனவே எல்லோரையும் பரிசோதித்து மருந்து கொடுத்தால் குறைப்பிரசவம் குறைய வேண்டும் அல்லவா? கேட்பதற்கு மறுக்க முடியாத வாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்து பார்த்தபோது அப்படி நடக்கவில்லை.

அமெரிக்காவில் அறிகுறி இல்லாத பாக்டீரியல் வஜைனோசிஸ் உள்ள 1,953 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்த ஆய்வின் முடிவு 2000-ஆம் ஆண்டு வெளியானது. குறைப்பிரசவம் முதல் பிரிவில் 12.2 சதவீதம், இரண்டாவதில் 12.5 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவேளை மருந்தைத் தாமதமாகக் கொடுத்ததால் பலிக்கவில்லையோ என்ற நியாயமான ஐயம் அப்போது எழுந்தது. அதைத் தீர்ப்பதற்கென்றே பிரான்சில் 80,000-க்கும் அதிகமான கர்ப்பிணிகளை 14 வாரத்துக்கு முன்பே பரிசோதித்து, குறைப்பிரசவ ஆபத்து குறைவாக இருந்தவர்களில் பாக்டீரியல் வஜைனோசிஸ் இருந்த சுமார் 3,000 பேருக்கு கிளிண்டமைசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்தோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான அதன் முடிவில், பிந்தைய கருச்சிதைவும் மிக முன்கூட்டிய பிரசவமும் சேர்ந்து மருந்து எடுத்தவர்களில் 1.2 சதவீதமும், எடுக்காதவர்களில் 1.0 சதவீதமும் இருந்தன. சீக்கிரம் கொடுத்தாலும் பலனில்லை என்பது அதோடு தெளிவானது.

மருந்து பாக்டீரியாவைக் கொல்லத்தான் செய்கிறது, பின் ஏன் பலனில்லை என்று நீங்கள் கேட்கலாம். குறைப்பிரசவத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் இது ஒரு சிறு பங்கு. மேலும் மருந்து கெட்ட பாக்டீரியாக்களைக் குறைக்கிறதே தவிர, லாக்டோபேசிலஸைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. ஆகவே சிகிச்சைக்குப் பின் குலைவு திரும்பி வருவது சகஜம். மறுபுறம், எந்த மருந்தும் எடுக்காமலேயே கர்ப்ப காலத்தில் அது தானாகச் சரியாகிவிடும் பெண்களும் கணிசமாக உண்டு. சிலரில் அந்தக் குலைவு, குறைப்பிரசவத்துக்குக் காரணமாக இல்லாமல், வேறு ஏதோ ஒன்றின் அடையாளமாக மட்டும் இருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

பலனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, ஒரு மாத்திரைதானே என்பவர்களுக்கு ட்ரைக்கோமோனாஸ் ஆய்வைத்தான் நான் நினைவூட்டுவேன். இது பாலுறவு வழியே பரவும் ஓர் ஒட்டுண்ணி. அறிகுறி இல்லாமல் இந்தத் தொற்று இருந்த 617 கர்ப்பிணிகளிடம் அமெரிக்காவில் நடந்து, 2001-இல் வெளியான ஆய்வில், மெட்ரோனிடசோல் எடுத்தவர்களில் 19 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10.7 சதவீதத்தினருக்கும் குறைப்பிரசவம் ஆனது. அதில் கொடுக்கப்பட்ட மருந்தின் அளவு இப்போது வழக்கத்தில் இருப்பதைவிட அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதனால் மெட்ரோனிடசோலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அறிகுறி உள்ள கர்ப்பிணிகளுக்கு அதை ஏழு நாட்கள் கொடுப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சை. அதனால் குழந்தைக்கு ஊனம் ஏற்படுவதாகச் சான்று இல்லை. தொந்தரவே இல்லாத ஆயிரக்கணக்கானோருக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று மருந்து கொடுப்பதற்கு இந்த ஆய்வு ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான ஆய்வு உண்டு. ஆஸ்திரியாவில் 4,429 கர்ப்பிணிகளிடம் நடத்தி, 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 20 வாரத்துக்கு முன்பாக பாக்டீரியல் வஜைனோசிஸ், கேண்டிடா (ஒரு பூஞ்சை), ட்ரைக்கோமோனாஸ் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பரிசோதித்துச் சிகிச்சை அளித்த பிரிவில் குறைப்பிரசவம் 3.0 சதவீதமாகவும், பரிசோதனை முடிவை மருத்துவரிடம் தெரிவிக்காத பிரிவில் 5.3 சதவீதமாகவும் இருந்தது. வழக்கப் பரிசோதனையை ஆதரிப்பவர்கள் சுட்டுவது இதைத்தான். சில மருத்துவமனைகளில் இது நடைமுறையாக இருப்பதற்கும் இத்தகைய முடிவுகளே அடிப்படை. ஆகவே உங்கள் சிநேகிதியின் மருத்துவர் ஆதாரமே இல்லாத ஒன்றைச் செய்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஓர் ஆய்வின் முடிவை, அதைவிடப் பெரிய, பின்னால் வந்த ஆய்வு ஆதரிக்காதபோது, அதன்மேல் எல்லோருக்குமான ஒரு வழக்கத்தைக் கட்டுவது சரியாக இருக்காது என்பது என் கருத்து. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2020-இல் ஆதாரங்களை மறுபடி அலசி, குறைப்பிரசவ ஆபத்து கூடுதலாக இல்லாத கர்ப்பிணிகளுக்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் பரிசோதனை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. பிரிட்டனின் வழிகாட்டுதலும் அதுவே.

கேண்டிடா என்ற பூஞ்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொந்தரவு எதுவும் இல்லாமலேயே பல பெண்களின் உடலில் அது இருக்கும். கர்ப்பத்தில் இன்னும் கூடுதலாக இருக்கும். ஸ்வாப்பில் தெரிந்துவிட்டது என்பதற்காக மருந்து வேண்டாம். அரிப்பும் தயிர்த் திப்பிபோன்ற கசிவும் வந்தால் மட்டும், க்ளோட்ரிமசோல் போன்ற, உள்ளே வைக்கும் மருந்தை ஏழு நாட்கள் பயன்படுத்துவோம். ஃப்ளூகோனசோல் மாத்திரையைக் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டும். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். திரும்பத் திரும்ப இந்தத் தொந்தரவு வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, கர்ப்பத்தில் கிருமிப் பரிசோதனையே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் கட்டாயம் செய்ய வேண்டியவை உண்டு. அவை எல்லாவற்றிலும் முடிவுக்கு ஏற்ற சிகிச்சை பலன் தரும் என்பது உறுதியானது. சிபிலிஸ், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகள் முதல் சந்திப்பிலேயே முடிந்திருக்க வேண்டும். சிறுநீர் கல்ச்சரும் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அப்படித்தான்: எரிச்சல் எதுவும் இல்லாமலேயே சிறுநீரில் பாக்டீரியா பெருகியிருந்தால், கர்ப்பத்தில் அது சிறுநீரகத்துக்கு ஏறிக் கடுமையான காய்ச்சலாக மாறக்கூடும், முன்கூட்டியே கண்டு மருந்து கொடுத்தால் அதைத் தடுக்கலாம். தனியாக ஸ்வாப் எடுக்கலாமா என்று யோசிக்கும் நீங்கள், உங்கள் கோப்பில் சிறுநீர் கல்ச்சர் முடிவு இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பாருங்கள். கல்ச்சர் வேறு, சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை வேறு. பலருடைய கோப்பில் பின்னது மட்டும்தான் இருக்கும். கிளமிடியா, கொனோரியா ஆகியவை கர்ப்பப்பை வாயைத் தாக்கும் பாலுறவுத் தொற்றுகள்; 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், தனக்கோ கணவருக்கோ புதிய அல்லது வேறு துணை இருக்கக்கூடும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கும் இவற்றைப் பார்க்கச் சொல்கிறார்கள். இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால், மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் போதும்; காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கர்ப்பத்தின் கடைசியில் உங்களிடமும் ஒரு ஸ்வாப் கேட்கப்படலாம். அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா பல பெண்களின் குடலிலும் பிறப்புறுப்பிலும் தீங்கில்லாமல் இருக்கும், ஆனால் பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றினால் முதல் வாரத்திலேயே கடும் நோயாகலாம். அப்படி இருக்கும் தாய்மார்களுக்கு மருந்து கொடுக்காவிட்டால், பிறக்கும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பாக்டீரியா தொற்றும். நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு நோயாக மாறும். அமெரிக்காவில் 36, 37-ஆவது வாரங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். பிரிட்டனில் எல்லோருக்கும் செய்யாமல், ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களுக்கு மட்டும் பிரசவ வலியின்போது மருந்து கொடுக்கிறார்கள். பரிசோதனை எளிது. மெல்லிய பஞ்சுக் குச்சியை முதலில் பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியிலும் அதன்பின் ஆசனவாயின் உள்விளிம்பிலும் தடவி எடுப்பார்கள். ஸ்பெகுலம் வைக்க மாட்டார்கள், சொல்லிக்கொடுத்தால் நீங்களே கூட எடுத்துக் கொடுத்துவிடலாம். முடிவு பாசிட்டிவ் என்று வந்தால், உடனே மாத்திரை எதுவும் வேண்டாம். இப்போது மாத்திரை போட்டாலும் பிரசவத்துக்குள் பாக்டீரியா திரும்ப வந்துவிடும் என்பதால், வலி தொடங்கிய பிறகு ரத்தக்குழாய் வழியே பென்சிலின் கொடுப்பதுதான் முறை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதை ஸ்வாப் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், மாற்று மருந்தை முன்னதாகவே தேர்ந்து வைக்க முடியும்.

பிஹெச் பட்டைகளை வாங்க வேண்டாம். சிறிது ரத்தம், விந்து, பனிக்குட நீர் ஆகிய எது கலந்தாலும் அளவு ஏறிக்காட்டும். இவற்றில் பனிக்குட நீர் மட்டுமே அவசரமானது, பட்டையோ மூன்றையும் பிரித்துச் சொல்லாது. கேண்டிடா இருந்தால் பிஹெச் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பதால், பட்டை "நலம்" என்று சொல்வதும் நம்பத்தக்கதல்ல. உள்ளே கழுவும் திரவங்களோ நேரடியாகக் கெடுதல் செய்பவை: நல்ல பாக்டீரியாக்களை வழித்தெடுத்து, எந்தக் குலைவுக்குப் பயப்படுகிறீர்களோ அதற்கே வழி செய்கின்றன. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவி, பருத்தி உள்ளாடை அணிந்தாலே போதும்.

இனிமேல் கசிவின் நிறமோ வாடையோ மாறினால், அரிப்போ புண்ணோ தோன்றினால், ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். "சாதாரண வெள்ளைப்படுதல்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தண்ணீர்போலத் தொடர்ந்து கசிந்து உள்ளாடை நனைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, காய்ச்சலோடு அடிவயிற்று வலி வந்தாலோ, அல்லது வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, அது பகலா இரவா என்று பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உங்கள் அக்காவைப் பற்றிய பயத்தில் நியாயம் இருக்கிறது. உடன்பிறந்த சகோதரிக்குக் குறைப்பிரசவம் ஆகியிருப்பது உங்கள் ஆபத்தை ஓரளவு கூட்டுகிறது, ஆனால் உங்களுக்கே முன்பு குறைப்பிரசவம் ஆகியிருப்பதற்கு அது ஈடாகாது. உங்கள் மருத்துவரிடம் அதைச் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை போகும்போது கட்டாயம் சொல்லுங்கள். 18 முதல் 24 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தையும் அளந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். குறைப்பிரசவத்தை முன்கூட்டி ஊகிக்க, அறிகுறி இல்லாத ஒருவரின் ஸ்வாப் முடிவைவிட இந்த அளவு மிகவும் பயனுள்ளது. 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மருந்து போன்று செய்வதற்கு ஒரு வழியும் இருக்கிறது.

அக்கா மீண்டும் கருவுற்றால் அவருடைய நிலை உங்களுடையதிலிருந்து வேறுபடும். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் பரிசோதனை செய்வதா வேண்டாமா என்று உறுதியாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றே அதே அமெரிக்கப் பணிக்குழு ஒதுங்கிக்கொண்டது. ஆகவே அதை அவரும் அவருடைய மருத்துவரும் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அப்போது சென்ற பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியை முதல் சந்திப்புக்கே எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். வலி தானாக முதலில் வந்ததா, பனிக்குடம் முதலில் உடைந்ததா, அல்லது ரத்த அழுத்தம் போன்ற காரணத்தால் மருத்துவர்களே பிரசவத்தை முன்கூட்டி நடத்தினார்களா என்பது அதில் எழுதியிருக்கும். இந்த மூன்றுக்கும் அடுத்த கர்ப்பத்தில் கவனிக்க வேண்டியவை வெவ்வேறு.